குடும்ப வரலாற்றுக் குழு: மாதப் பேச்சு, வெளிப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் நாங்கள் சிலர் சேர்ந்து அவரவர் குடும்பத்தின் பழைய கதையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாதம் ஒரு பேச்சு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பயணம். புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தாத்தா பெயருக்கு மேல் எதுவும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். தாத்தா பெயர் தெரிந்தால் அவருடைய தாத்தா பெயரும் பாதி தெரிந்த மாதிரிதான். பேரன் என்றாலே பெயரன், அதாவது தாத்தாவின் பெயரைக் கொண்டவன். பல குடும்பங்களில் மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று வைப்பார்கள். அதனால் சாமிநாதன், வைத்தியலிங்கம், மறுபடி சாமிநாதன், மறுபடி வைத்தியலிங்கம் என்று இரண்டே பெயர் நூறு நூற்றைம்பது வருஷம் மாறி மாறி வரும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. பழைய பத்திரம் ஒன்றில் 'வைத்தியலிங்கம் குமாரர் சாமிநாதன்' என்று பார்த்தால், அது கொள்ளுத்தாத்தாவா, அவருக்கும் தாத்தாவா என்பது சட்டென்று தெரியாது. வயதையும் பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயரையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

வரும்போது ஒரு வேலை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பாட்டி இரண்டு பேர், கொள்ளுப்பாட்டி நான்கு பேர். அந்த ஆறு பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் தடவை ஆறையும் எழுதிக் கொண்டுவந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆண்கள் வரிசை ஐந்தாறு தலைமுறைக்குச் சரளமாக வரும். பெண்கள் வரிசையோ 'அப்பாயி', 'அம்மாயி', 'திருவாரூர் ஆயா' என்று உறவிலும் ஊர்ப் பெயரிலும் நின்றுவிடும். அந்தப் பெயர்களை மீட்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

மாதப் பேச்சில் எதைப் பற்றிப் பேசுவீர்கள்?

பேசுகிறவர் பெரும்பாலும் எங்களில் ஒருவர்தான். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பத்திரம் எழுதுகிறவர், தமிழாசிரியை என்று அவரவர் கைப்பழக்கத்தைச் சொல்லித் தருவார்கள். அதிகம் பேர் கேட்டு வாங்குகிற பேச்சு தேதி பற்றியது. காரணம் இருக்கிறது: பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்த வருஷம் என்று தெரியாமல் தவிக்காதவர் எங்களில் யாரும் இல்லை.

பழைய பத்திரத்தில் முதல் வரியிலேயே 'விரோதிகிருது ௵ ஆனி ௴ 15 ௳' என்று இருக்கும். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ நாள். எண்களே தமிழ் எண்களாக இருந்தால் ௧௫ என்றோ ௰௫ என்றோ எழுதியிருப்பார்கள். விரோதிகிருது என்பது அறுபது வருஷச் சுற்றில் 45ஆவது. அது 1911இலும் வந்தது, 1971இலும் வந்தது, 1851இலும் வந்தது. எது நம்முடையது? முத்திரைத்தாளின் தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1901க்கு முன், ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை. கையிருப்பில் இருந்த பழைய தாளில் எழுதியதால் ஓரிரு வருஷம் தள்ளிப் போகலாம், ஆனால் அறுபது வருஷம் தள்ளிப் போகாது. சரி, ராஜா ஐந்தாம் ஜார்ஜோ ஏழாம் எட்வர்டோ என்றால் நம் பத்திரம் 1911 ஜூன் கடைசி.

நிலக் கணக்கு என்றால் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு வரும். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கும். 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம் கிடைக்கும்: பசலி 1321 என்றால் 1911 ஜூலை முதல் 1912 ஜூன் வரை. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்தில் சம்பந்தம் உள்ளவர்களுக்குக் கொல்லம் ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும். கொல்லம் 1100 என்பது 1924–25.

எழுத்தைப் படிப்பது தனிப் பேச்சு. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும், கொம்பில் குறில் நெடில் வித்தியாசம் இருக்காது. 'கெ' என்று தெரிவது 'கே'யாக இருக்கலாம். காகிதப் பத்திரம் அவ்வளவு கஷ்டம் இல்லை, ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பழைய 'ணா', 'றா', 'னா', துதிக்கை போட்ட 'லை', 'னை' எல்லாம் கொஞ்சம் தடுக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பழகினால் வந்துவிடும்.

வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் 'அதெல்லாம் எதுக்கு இப்ப' என்கிறார்களே?

'உங்க அப்பா எந்த வருஷம் பிறந்தார்?' என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். அவர்கள் வருஷத்தை வைத்து வாழவில்லை. ஊரில் நடந்ததை வைத்து வாழ்ந்தார்கள். கும்பகோணத்தைச் சுற்றி உள்ளவர்களிடம் மகாமகத்தைச் சொல்லிக் கேளுங்கள். 1968, 1980, 1992 என்று பன்னிரண்டு வருஷத்துக்கு ஒன்று. 'அந்த மகாமகத்துக்கு உங்க அம்மா கைக்குழந்தையோட போனாங்களா?' என்றால் யார் கைக்குழந்தை, யார் நடந்து வந்தார்கள், யார் அப்போது பிறக்கவே இல்லை என்று எல்லாம் வரும். நாகப்பட்டினம் பக்கம் என்றால் 1977 நவம்பர் புயல். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல். பர்மாவிலிருந்து வந்த குடும்பம் என்றால் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் 1942இல் நடந்தே வந்ததும். இன்னும் மேலே போனால் 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை, ஆனால் 'தாது வருஷத்துல நம்ம ஆளுங்க இந்த ஊருக்கு வந்தாங்க' என்ற வாக்கியம் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது.

இரண்டு மூன்று அனுபவங்களைச் சொல்கிறேன். தனியாக ஒருவரைக் கேட்பதைவிட அக்கா தங்கை இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்துக் கேளுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் 'இல்லடி, அது சின்னம்மா கல்யாணத்துல' என்று திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் இருக்கும். கையில் ஒரு பழைய போட்டோவைக் கொடுங்கள். முகத்தைவிட, பின்னால் தெரிகிற திண்ணையும் தூணும் அதிகம் பேச வைக்கும். வேலை செய்துகொண்டிருக்கும்போது கேளுங்கள். முருங்கைக்கீரை ஆயும்போது வருகிற பேச்சு, நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால் வராது.

பாட்டுத் தெரிந்த பாட்டி என்றால் தாலாட்டும் ஒப்பாரியும் கேளுங்கள். தாலாட்டில் மாமன் ஊரும் சீரும் வரும். ஒப்பாரியில் பிறந்த வீட்டுப் பெருமை வரும். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத தாய்வழி ஊர்கள் அங்கே இருக்கும். ஒப்பாரியைப் பாடச் சொல்வதற்கு முன் நேரம் பார்த்துக் கேளுங்கள். வீட்டுக்குள் வைத்துப் பாட மாட்டேன் என்று சிலர் சொல்வார்கள், அதை மதிக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மனத்தாங்கலோடு சொல்கிறேன். பதிவேடு இன்னும் பத்து வருஷம் அலமாரியில் இருக்கும். எண்பத்தாறு வயது அத்தை அப்படி இருக்க மாட்டார். என் அத்தையிடம் கேட்பதற்கென்று நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த பதினோரு கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

வீட்டிலேயே தேடினால் என்ன கிடைக்கும்?

பத்திரம் என்றுதான் எல்லோரும் பீரோவைத் திறப்பார்கள். நான் முதலில் கேட்பது மொய் நோட்டு. கல்யாணத்திலும் காதுகுத்திலும் யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கும். இன்று தொடர்பு விட்டுப்போன எத்தனையோ உறவுகள் அந்த நோட்டில் ஊர்ப் பெயரோடு உட்கார்ந்திருக்கும். தாய்மாமன் யார் என்பதில் சந்தேகம் என்றால் முதல் பக்கத்தைப் பாருங்கள், பெரிய தொகையோடு அவர்தான் இருப்பார். 1960களின் நோட்டில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மொய்களுக்கு நடுவே திடீரென்று ஐம்பத்தொன்று என்று இருந்தால் அது யார் என்று விசாரிக்காமல் விடாதீர்கள்.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஜாதகம், பழைய ரேஷன் கார்டு. சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்று வயது சரியாக வருகிற மாதிரி ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட காலம் அது. ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகளும் ஜூன் மாதம் பிறந்திருந்தால் காரணம் அதுதான். ஜாதகம் இருந்தால் அதன் தேதியே உண்மைக்குப் பக்கம்.

பிறப்புப் பதிவு தேடுகிறவர்களுக்கு: 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முந்தைய பதிவுகளும் பல ஊர்களில் உண்டு, ஆனால் குழந்தையின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிறந்த சில நாளில் பதிவு செய்வார்கள், பெயர் பிறகுதான் வைப்பார்கள். 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருக்கும். பெற்றோர் பெயரையும் தோராயமான தேதியையும் வைத்துத் தேட வேண்டும். தாயின் பெயரைக் கேட்டு எழுதிய அரசுப் பதிவுகளில் இதுவும் ஒன்று என்பதால் எனக்கு இந்தப் பதிவேட்டின் மேல் தனிப் பிரியம்.

பயணம் எங்கெல்லாம் போவீர்கள்?

முதல் பயணம் எப்போதும் தஞ்சாவூர்ப் பெரிய கோயில். பலமுறை பார்த்த கோயிலுக்கு எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு காரணம். ஒன்று, சுற்றாலையின் தென்மேற்குப் பக்கச் சுவரில் தஞ்சாவூரை ஆண்ட மராட்டியர்களான போன்ஸ்லே வம்சத்தின் கதையை அந்த வம்சத்து ராஜா இரண்டாம் சரபோஜி 1803இல் மராத்தியில் வெட்டி வைத்திருக்கிறார். ஒரு ராஜா தன் குடும்ப வரலாற்றைச் சுவர் நிறைய எழுதிய இடம் அது.

இரண்டாவது இன்னும் பழையது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கோயில் பணி செய்யும் 400 தளிச்சேரிப் பெண்களை இங்கே குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் பங்கு. அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதையும், எந்தச் சிறகில், அதாவது எந்தத் தெரு வரிசையில், எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: நக்கன் சேரமங்கை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் தெருவும் வீட்டு வரிசையும் நமக்குத் தெரிகிறது. நம் கொள்ளுப்பாட்டி பெயர் தெரியவில்லை. அந்தக் கல்வெட்டின் முன் நின்றுதான் ஆறு பெயர்த் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்வோம். அடுத்த வாரமே பலர் ஊருக்குப் போன் போட்டு விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

தஞ்சாவூரிலேயே சரஸ்வதி மகால் நூலகமும் இருக்கிறது. அரண்மனையில் வேலை பார்த்த குடும்பம் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி என்ற பழைய எழுத்தில் உள்ள மராட்டியர் காலத்து ஆவணங்களில் தேட இடம் உண்டு. மோடி எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் பொறுமை வேண்டும்.

தரங்கம்பாடி அடுத்தது. 1620இல் டேனிஷ்காரர்கள் வந்தார்கள், 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் வருஷத்தது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்று பதிவேடுகளும் பெரிய செல்வம். மதம் மாறியவர்களின் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வரியில் இருக்கக்கூடிய இடம் அதுதான். கல்லறைகளைப் பார்க்கப் போகும்போது எழுத்து தெரியவில்லை என்று கல்லைச் சுரண்டவோ சுண்ணாம்பு பூசவோ கூடாது. சாய்வெயில் நேரத்தில் போனால் எழுத்து தானாகத் தெரியும். அதனால்தான் அந்தப் பயணத்தைக் காலை ஆறரை மணிக்கே தொடங்குகிறோம்.

காரைக்கால் சம்பந்தம் இருந்தால் சொல்லுங்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி, அவர்கள் பிறப்பு இறப்பு திருமணத்தை விவரமாகப் பதிந்தவர்கள். அந்தக் காலப் பதிவேடுகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் தாத்தா பெயர் கிடைக்குமா?

நேராகப் போய்ப் பெயரைச் சொன்னால் கிடைக்காது. அந்தச் சிவப்புக் கட்டடம் 1909இலிருந்து இருக்கிறது, உள்ளே 1670 வரை பின்னால் போகிற ஆவணங்கள் உண்டு. ஆனால் எல்லாம் துறைவாரியாக, அரசாணை எண் வாரியாக, மாவட்டவாரியாக அடுக்கியவை. மனிதர் பெயரில் அடுக்கியவை அல்ல. அதனால் ஊர், தாலுகா, வருஷம் மூன்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும்.

மானிய நிலம் இருந்த குடும்பத்துக்கு அங்கே நல்ல வாய்ப்பு. 1858இல் அமைத்த இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து, யாருக்கு எதற்காக மானியம், இப்போது யார் அனுபவிக்கிறார், அவருடைய முன்னோர் யார் என்று பதிவேடு எழுதியது. கோயில் பணியாளர், வாத்தியக்காரர், தச்சர், வண்ணார், வெட்டியான் என்று ஊர் ஊழிய மானியங்களும் அதில் உண்டு. பணக்காரர் குடும்பத்துக்குத்தான் வரலாறு கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பதிவேட்டைக் காட்டுவோம்.

சென்னை போகிற பயணத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் கட்டிய புனித மேரி ஆலயத்தையும், தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தையும் சேர்த்துக்கொள்வோம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவற்றில் புத்தகங்கள் மட்டுமில்லாமல் பழைய அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் உண்டு. அதைப் பார்த்த பிறகு யாரும் கல்யாணப் பத்திரிகையைப் பழைய பேப்பரில் போட மாட்டார்கள்.

நிலம் ஒன்றும் பெரிதாக இல்லை. நிலப் பதிவேடு எனக்கு உதவுமா?

கால் மா இருந்தாலும் உதவும். இப்போதைய பட்டாவிலிருந்து பின்னால் நடந்து போக வேண்டும். 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லோரும் யுடிஆர் என்று சொல்வதில், சர்வே எண்கள் மாறியிருக்கும். அதனால் பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் ஒப்பீடு பார்த்துக்கொண்டு, அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டுக்கு, அதாவது நில வரியை நிர்ணயித்தபோது எழுதிய பதிவேட்டுக்குப் போக வேண்டும். அங்கே தாத்தாவின் அப்பா பெயர் பெரும்பாலும் வந்துவிடும். கர்ணம், கணக்குப்பிள்ளை வேலைகளை 1980 நவம்பரில் அரசு ஒழித்தது. பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் ஊர்க் கணக்குகள் இன்னும் இருப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

வில்லங்கச் சான்று பெரும்பாலான ஊர்களுக்கு 1975 முதல் கணினியில் கிடைக்கிறது. அதற்கு முன்னால் போக, சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் எழுதிய அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை ஆட்கள் பெயரில், இரண்டாவது சொத்தின் பெயரில். அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதிந்து வைக்கும் முதல் புத்தகத்தையும் இந்த அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், 1908 பதிவுச் சட்டத்திலேயே அந்த உரிமை இருக்கிறது.

எந்தப் பத்திரம் முக்கியம் என்று கேட்டால் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி எல்லோரும் வயதோடு வருவார்கள். நான்கு எல்லையை அவசரமாகத் தாண்டாதீர்கள். 'இன்னார் நஞ்சைக்கு மேற்கு' என்பதில் உள்ள இன்னார் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார், நிலம் முன்பு ஒன்றாக இருந்து பிரிந்ததால். பெண்கள்? 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் வரை பாகப்பிரிவினையில் பெண் பெயரைப் பார்ப்பது அபூர்வம். அதற்கு முன் என்றால் தான செட்டில்மென்ட், பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த மஞ்சள் காணி நிலம், விதவையின் ஜீவனாம்சம் போன்ற பத்திரங்களில் தேடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் பார்க்க முடியாதா?

முடியாது. இங்கே வெளியிடுவது மொத்த எண்ணிக்கை மட்டும். வீட்டுவாரியாக எழுதியது ரகசியம் என்று 1948 சட்டம் சொல்கிறது. வெளிநாட்டு நண்பர்கள் அவரவர் நாட்டில் பார்ப்பதைச் சொல்லிக் கேட்பார்கள், அந்த வழி இங்கே இல்லை.

எங்கள் முன்னோர் கப்பல் ஏறிப் போனவர்கள். எங்கே தேட வேண்டும்?

எங்கே போனார்கள் என்பதைப் பொறுத்து. ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களைப் பற்றி அங்கே எழுதி வைத்தது அதிகம், இங்கே எழுதி வைத்தது குறைவு. சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரை டர்பன் இருக்கிற நேட்டால் பகுதிக்குப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் பட்டியல் உண்டு: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். மொரீஷியஸ் போனவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஆவணங்களும், பலருக்குப் புகைப்படமும் இருக்கின்றன.

அந்தப் பட்டியல் நகலோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு உதவுவது எங்கள் குழுவுக்கு மிகவும் பிடித்த வேலை. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி ஊர்ப் பெயரை எழுதியிருப்பார். அதைக் கண்ணால் படித்தால் ஒன்றும் விளங்காது. நான்கைந்து பேர் உட்கார்ந்து மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். 'மனார்கூடி' சீக்கிரம் மன்னார்குடி ஆகிவிடும். கிராமத்துக்கு அரை மணி நேரம் ஆகும், சில சமயம் பேருந்து நடத்துநராக இருந்த எங்கள் உறுப்பினர் ஒருவர் ஒரே நொடியில் சொல்லிவிடுவார்.

பினாங்கு, சிங்கப்பூர் போனவர்கள் தாமாகவே டிக்கெட் எடுத்துப் போனவர்களும் உண்டு, ஆள் சேர்க்கிற கங்காணி மூலம் போனவர்களும் உண்டு. 1926 முதல் 1970கள் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் இன்னும் புழங்குகிறது. அந்த வீடுகளில் பழைய பாஸ்போர்ட்டும் மணியார்டர் துண்டும் தேடுங்கள். நாகப்பட்டினம் பழைய துறைமுகப் பக்கம் ஒரு பயணம் வைத்திருக்கிறோம். இலங்கை மலையகத்திலிருந்து 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களுக்கு, அப்போது கொடுத்த குடும்ப அட்டைதான் ஆதாரம். அதில் மொத்தக் குடும்பமும் ஒரே இடத்தில் இருக்கும், பெண்கள் பெயரோடு. அதைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சிப்பாய்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் உண்டு. பல பெயர்களுக்குத் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும்.

குலதெய்வக் கோயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. இன்று இருக்கிற ஊரில் நான்கு தலைமுறையாக இருந்தாலும், படையல் போட ஐம்பது மைல் தள்ளி ஒரு வயல்வெளிக் கோயிலுக்குப் போகிறோம் என்றால், புறப்பட்டு வந்த இடம் அதுதான் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அங்கே வருகிற மற்றவர்கள் பங்காளிகள். குடும்பவாரியாகக் கோயில் வரி எழுதிய நோட்டு ஒன்று கோயில் பொறுப்பாளரிடம் இருக்கும், அதைப் பார்க்கக் கேளுங்கள். நகரத்தார் இதில் எல்லோருக்கும் முன்மாதிரி. கல்யாணம் ஆனதும் புது ஜோடியை அவர்களுடைய ஒன்பது கோயில்களில் தங்கள் கோயிலில் ஒரு புள்ளியாக, அதாவது ஒரு தனிக் குடும்பமாகப் பதிவு செய்துவிடுவார்கள். குலதெய்வத்துக்கு மட்டும் நாங்கள் கூட்டமாகப் பயணம் போவதில்லை, அது அவரவர் குடும்பத்தோடு போக வேண்டிய இடம்.

இது சாதிப் பெருமை பேசுவதில் போய் முடியாதா?

முடியக்கூடாது என்பதில் நாங்கள் கறாராக இருக்கிறோம். பழைய பத்திரத்தில் சாதி எழுதியிருக்கும், ஆளை அடையாளம் காண அது தேவைப்படுகிற இடத்தில் படிப்போம். அதற்கு மேல், 'நாங்கள் இன்ன அரசனின் வழி' என்று ஆதாரம் இல்லாமல் பேசினால், ஆவணம் எங்கே என்று கேட்போம். எங்களில் எல்லாச் சமூகத்தினரும் இருக்கிறார்கள். பண்ணையாளாக இருந்த குடும்பத்தின் பெயரையும் பண்ணை வைத்திருந்த குடும்பத்தின் கணக்கு நோட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நோட்டில் நெல் கூலியும் கடனும் பெயரும் இருக்கும். அப்படி ஒரு நோட்டை அதன் இன்றைய சொந்தக்காரர் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு பேர் சேர்ந்து ஒரே பக்கத்தைப் படித்ததை நான் பார்த்தேன். கணக்குப் போட்டவரின் பேரன் ஒருவர், கணக்கில் இருந்தவரின் பேத்தி ஒருவர். அந்தப் பேத்தி நகல் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய பூட்டன் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அது.

வேண்டாத விஷயம் ஏதாவது வெளியே வந்தால்?

வரும். இரண்டாம் தாரம், தத்து, கோர்ட் வழக்கு, ஊரை விட்டுப் போனவர், எல்லா வீட்டிலும் ஏதாவது இருக்கும். எங்கள் வழக்கம் இது: உயிரோடு இருப்பவர்களைப் பற்றியதைக் கூட்டத்தில் சொல்ல மாட்டோம், அவர்கள் சம்மதம் இல்லாமல் எழுத மாட்டோம். எழுதினாலும் தீர்ப்புச் சொல்ல மாட்டோம்.

டிஎன்ஏ பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்திருக்கிறோம். அதனால் தூரத்து உறவுகூட அந்தக் கணக்கில் நெருங்கிய உறவாகத் தெரியும். கடல் கடந்து பிரிந்த குடும்பத்துக்கு ஒரு துப்பாக உதவலாம். பெயரும் ஊரும் அது தராது.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

கூட்டி வாருங்கள். தமிழ் எண்களை அவர்கள்தான் வேகமாகப் பிடிக்கிறார்கள்.

பயணத்துக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பென்சில், நோட்டு, தண்ணீர், தொப்பி. ஆவணம் பார்க்கிற இடங்களில் பேனா வேண்டாம். மூலப் பத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு நகலைக் கொண்டு வாருங்கள், பஸ்ஸில் தொலைந்தால் திரும்பாது. போட்டோவின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், வீட்டில் பழைய பித்தளைப் பாத்திரம் இருந்தால் அதில் ஒன்று. சீராக வந்த குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். என் கொள்ளுப்பாட்டியின் பெயரை எட்டு வருஷம் தேடினேன். பத்திரத்தில் இல்லை, பதிவேட்டில் இல்லை, அப்பாவுக்குத் தெரியாது. ஒரு கூட்டத்துக்கு முந்தின நாள் அரிசி போட்டு வைக்கிற குண்டானைக் காலி செய்து, புளி போட்டுத் தேய்த்தபோது கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய எழுத்து தெரிந்தது. தை.மு. குப்பாயி. தை அவர் அப்பா பெயரின் முதல் எழுத்து என்று நினைக்கிறேன், மு அவர் ஊர் முத்துப்பேட்டையாக இருக்கலாம். அடுத்த பயணம் அந்தப் பக்கம்தான், வண்டியில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.